அலங்காரம் இல்லாத படம்

எர்லாங்கன்
29 ஏப்ரல் 2024

மதிப்பிற்குரிய டாக்டர் ஓர்லா அவர்களுக்கு, வணக்கம்.

என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன், நானே சொல்லிவிடுகிறேன். கீழமருதநல்லூர் கோயிலில் எழுத்தராக இருந்த கோவிந்தராஜன். 1988இல் நீங்கள் அயர்லாந்திலிருந்து ஆராய்ச்சி மாணவியாக வந்து எங்கள் ஊரில் ஏழு மாதம் தங்கினீர்கள். 'வெள்ளைக்காரம்மா' என்று கூப்பிட்ட பிள்ளைகளிடம், "அந்த வெள்ளைக்காரன் எங்களையும்தான் ஆண்டான்" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டை போட்டீர்கள். பக்கத்தில் நின்று சிரித்தவன் நான்தான்.

இப்போது மகன் உதய் வீட்டில் இருக்கிறேன். மூன்று மாத விசா. ஜூலை 12 கிளம்பவேண்டும். மகனும் மருமகள் லக்ஷ்மிப்ரியாவும் காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த வீட்டுக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். முதல் வாரமே குப்பை கொட்டப் போய், சாவி உள்ளே இருக்க, லுங்கியோடு மூன்று மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து தனியாக வாசலைத் தாண்டுவதில்லை. சிறை என்று சொன்னால் மகன் வருத்தப்படுவான். ஆகவே ஓய்வு என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் பிராங்பேர்ட்டில் தமிழ்ச் சங்கத்தின் சித்திரை விழா. முடிந்ததும் மகன் உங்கள் வெய்ட்லிங்கர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். சுவரில் உங்கள் புகைப்படம், இயக்குநர் என்று. பெருமையாக இருந்தது. அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செப்புத்திருமேனி. 'பார்வதி, தென்னிந்தியா, கிடைத்த ஊர் தெரியவில்லை.' நல்ல வேலைப்பாடு என்று நினைத்து நகரப் போனேன். அப்போது லக்ஷ்மிப்ரியா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். விழாவுக்குக் கட்டிய அரக்குப் பட்டு. அந்தப் பட்டு கண்ணாடியில் விழுந்து, அம்மன் மேல் அப்படியே படிந்தது. நகரப் போனவன் நின்றுவிட்டேன்.

அம்மா, அவள் எங்கள் மருதவல்லி. 1993இல் களவு போனவள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். 1996இல் இந்தச் சிலையின் படத்தை எங்கள் ஊருக்கு அனுப்பி, உங்களுடையதா என்று கேட்டீர்கள். பத்துப் பேர் பார்த்து, இல்லை என்றார்கள். அந்தப் பதிலை எழுதியது என் கை. முதல் கையெழுத்தும் என்னுடையது.

எங்கள் கோயிலைக் காவல் காத்த மெய்க்காவலர் குமாரசாமி இன்னும் உயிரோடு இருக்கிறார். என் அக்கா வேதவல்லியின் கணவர். சிலையை உருக்கி விற்றுவிட்டார் என்று நாற்பது நாள் உள்ளே வைத்தார்கள். சாட்சி இல்லாமல் விட்டார்கள். ஊர் விடவில்லை. நானும் விடவில்லை. அவருக்கு வயது எண்பது ஆகிறது. அவர் கண் மூடுவதற்குள், சிலை உருகவில்லை, இங்கே இருக்கிறது என்று உங்கள் வாயால் ஒரு வரி வேண்டும்.

தங்கள்
கோவிந்தராஜன்


பிராங்பேர்ட்
6 மே 2024

அன்புள்ள கோவிந்தராஜன் சார்,

மறக்கவில்லை. 'ழ' சொல்லவரும்வரை எனக்குக் காப்பி கிடையாது என்று தடுத்தவர் நீங்கள். பல வருடங்களாகத் தமிழில் எழுதவில்லை, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநராகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அருங்காட்சியக அறக்கட்டளை அந்தச் சிலையை 1994இல் லண்டன் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. அதைப் பட்டியலிட என்னை வேலைக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் எந்த அருங்காட்சியகமும் ஊர்க்காரர்களைக் கேட்காது. கேட்காதே என்று என்னிடமும் சொன்னார்கள். நான் கேட்டேன். எட்டு ஊர்களுக்குப் படம் அனுப்பினேன். எல்லா ஊரும் இல்லை என்றது. உங்கள் ஊரின் பதில்தான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது: 'மேற்படி சிலை எங்கள் அம்மன் அன்று.' அந்த அழகான கையெழுத்தை இப்போதும் கோப்பில் பார்க்கலாம்.

கண்ணாடியில் விழுந்த பிரதிபலிப்பைச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. உங்கள் ஆசை அங்கே விழுந்திருக்கலாம் என்பார்கள். வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தயவுசெய்து மின்னஞ்சலோ தொலைபேசியோ வேண்டாம். இங்கே எல்லாம் பதிவாகிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்: சிலைகளைப் பராமரிக்கும் ரஞ்சினி, யாழ்ப்பாணத்துக்காரி. அவர் வெளியே சொல்லமாட்டார்.

ஓர்லா


எர்லாங்கன்
13 மே 2024

டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. இரண்டு நாள் ஆறவிட்டு எழுதுகிறேன்.

மருதவல்லியை நாங்கள் எப்போது பார்த்தோம்? அலங்காரம் முடிந்து திரை விலகினபிறகு பார்த்தோம். எங்கள் கோயிலில் உற்சவருக்கு அபிஷேகமும் திரைக்குள்தான். வெளியே வரும்போது பட்டு, மாலை, வெள்ளிக் கண்மலர், மூக்குத்தி, காலுக்குக் கவசம். அறுபது வருடம் கும்பிட்டவனுக்கும் அவள் இடுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது; தெரியவும் கூடாது. ஆடையில்லாமல் பார்த்தவர் குருக்கள் ஒருவர்தான். படம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

நீங்கள் அனுப்பியது என்ன படம்? துணியில்லாமல், பூவில்லாமல், கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்த படம். பத்துப் பேரும் பார்த்தார்கள். பாதிப் பேர் வெட்கப்பட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். "இது நம்ம அம்மன் இல்லடா" என்று ஒருவர் சொன்னார். நமது அம்மன் இப்படி நிற்பாளா என்றுதான் அவர் மனதில் இருந்திருக்கும். நான் அதை 'மேற்படி சிலை எங்கள் அம்மன் அன்று' என்று அலுவலகத் தமிழில் எழுதினேன். பொய் சொல்லவில்லை, அம்மா. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிவிட்டேன்.

சான்று கேட்டீர்கள். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு புறப்பாட்டில் சப்பரம் சாய்ந்து, அம்மனின் இடது முழங்கை முன்னால் வளைந்துவிட்டது. அதனால் அந்தப் பக்கம் முந்தானை நிற்காது, சரியும். குருக்கள் கிளித்தலை வைத்த ஒரு வெள்ளி ஊக்கைக் குத்தி நிறுத்துவார். பட்டு அந்த முழங்கைமேல் புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் நான் பார்த்தது அந்தப் புடைப்பைத்தான். சிலையோடு ஊக்கும் போய்விட்டது என்று போலீஸ் பட்டியலில் எழுதியதும் நானே.

1988 பங்குனி உத்திரத்தில் நீங்கள் ஒரு கேமராவோடு சப்பரத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, பால்காரர் சைக்கிளில் இடித்து விழுந்தீர்கள். அந்தப் படங்கள் எங்கே?

கோவிந்தராஜன்


பிராங்பேர்ட்
3 ஜூன் 2024

அன்புள்ள கோவிந்தராஜன் சார்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். படப்பெட்டி டப்ளினில் என் சகோதரன் வீட்டுப் பரணில் இருந்தது. போய் எடுத்துவந்தேன்.

சப்பரத்தின்மேல் மருதவல்லி நிற்கிறாள். பச்சைப் பட்டு. இடது முழங்கைமேல் துணி புடைத்திருக்கிறது. தோளில் கிளித்தலை ஊக்கு தெளிவாகத் தெரிகிறது. ரஞ்சினி அந்தப் படத்தை எங்கள் சிலையின் அளவுகளோடு வைத்துப் பார்த்தார். உயரம், தோள், முழங்கையின் கோணம் எல்லாம் ஒத்துப்போகின்றன. "ஓம் டாக்டர், இவதான்" என்றார்.

நீங்கள் ஊர்க்காரர், படித்த நிபுணர் இல்லை. எனக்கு என்ன சாக்கு இருக்கிறது? நானும் அவளை அலங்காரத்தோடு பார்த்தேன். ஆறு வருடம் கழித்து அலங்காரமில்லாமல் பார்த்தேன். அளந்தேன், எடை போட்டேன், இருநூறு பக்கம் எழுதினேன். எனக்கும் அவளைத் தெரியவில்லை. இரண்டு படமும் முப்பது வருடம் என்னிடமே இருந்தன.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 'கேட்ட பெண்' என்றுதான் எனக்குப் பெயர் வந்தது. ஊரைக் கேள், படத்தைக் காட்டு, அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்: இந்த முறையை நான்தான் ஐரோப்பா முழுவதும் கொண்டுபோனேன். அதனால் எத்தனையோ பொருள்கள் வீடு திரும்பின. அதனால்தான் இந்தப் பதவி. அக்டோபரில் எங்கள் புதிய பிரிவு திறக்கிறது. அதன்பிறகு ஐரோப்பிய மரபுரிமைக் குழு ஒன்றுக்குத் தலைவராகப் போகிறேன். இப்போது யோசியுங்கள். உங்கள் ஊர் சொன்ன 'இல்லை' தவறென்றால், மற்றச் சிலைகளுக்கும் நான் அலங்காரமில்லாத படம் அனுப்பி வாங்கிய 'இல்லை'கள்? சிலைக்கு ஒன்றாகப் பதினொரு கோப்புகள் இருக்கின்றன, சார். பதினொன்றையும் நான் கையெழுத்திட்டு மூடினேன்.

அறங்காவலர் குழுத் தலைவரிடம் மேலோட்டமாகச் சொன்னேன். அக்டோபர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நானும் அதையே உங்களிடம் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

ஓர்லா


எர்லாங்கன்
10 ஜூன் 2024

அம்மா,

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் இரண்டு பேரும். அதற்காக உங்கள்மேல் கோபமில்லை. அக்டோபர் என்றீர்களே, அதற்குத்தான் கோபம்.

உங்கள் கடிதத்தை உதய் பார்த்துவிட்டான். "அப்பா, என் PR application போயிருக்கு. இங்க எல்லாமே fileல ஏறும். உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றான். நல்ல பிள்ளைதான், பயம். சாவியைக் கேட்டேன்; இன்னொன்று செய்துதருகிறேன் என்கிறான், இரண்டு மாதமாக. நானும் வற்புறுத்தவில்லை. சாவி இருந்தாலும் எங்கே போவேன்?

அக்கா போன் செய்தாள். முப்பத்தொரு வருடமாக நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசுவாள். அதுவும் இரண்டு வார்த்தை. அத்தான் எழுந்து உட்காருவதில்லையாம். கஞ்சி மட்டும் இறங்குகிறதாம். "அவரு யாரையும் கேக்கல. உன்னைக்கூடக் கேக்கல" என்றாள். என்னைக்கூட என்றாள் பாருங்கள், அந்த ஒரு சொல்லை விழுங்கமுடியவில்லை. அவர் சிறையிலிருந்து வந்த அன்று நான் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன், "அத்தான், எங்க உருக்குனீங்க?" என்று. அவர் அப்படியே திரும்பி நடந்துவிட்டார். உங்கள் படம் வந்தபோது நான் ஒருவனாவது உற்றுப் பார்த்திருந்தால், அவர் இந்த வருடங்களைத் தலைநிமிர்ந்து கழித்திருப்பார்.

என் வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 1996இல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இன்னது என்று. இந்தத் தடவை அலுவலகத் தமிழ் இல்லை. உங்களுடையதை நீங்கள் திரும்பப் பெறுவதும் பெறாததும் உங்கள் பாடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அங்கேயும் அறங்காவலர்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

கோவிந்தராஜன்


பிராங்பேர்ட்
24 ஜூன் 2024

அன்புள்ள கோவிந்தராஜன் சார்,

உங்கள் வாக்குமூலத்தை ஜெர்மனில் பெயர்த்து, குழுவின் முன் வைத்தேன். சிலைக்கு அலங்காரம் செய்து, படம் எடுத்து, ஊரிடம் மறுபடியும் கேட்கவேண்டும் என்றேன். பொருளைத் தொடுவதற்கு விதி இல்லை என்றார்கள். விதியை எழுதியவளே நான்தான். நான் எழுதிய பக்கத்தை எனக்கே படித்துக்காட்டினார்கள். உங்களோடு தொடர்பு வைக்கக்கூடாது என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் அப்பா மேயோவில் தபால்காரர். எல்லாக் கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார், தன் கடிதத்தை மட்டும் பிரிக்கமாட்டார். மேசையில் அடுக்கி வைத்திருப்பார். எனக்கு அவர் ஞாபகம் வந்தது. எல்லா ஊருக்கும் அவர்கள் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேடை மேடையாகப் பேசினேன். என் பெயர் எழுதிய உறையை நான் பிரிக்கவில்லை.

ஜூலை 1, திங்கட்கிழமை, மூடியிருக்கும் நாள். காலை பத்து மணிக்கு வாருங்கள். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று ரஞ்சினியிடம். நான் உத்தரவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அவருக்குத் தொல்லை வராது. "டாக்டர், அந்தப் பழைய படத்தைப் பாத்து நான் கட்டிவிடுறன். ஆனா ஊசி, ஊக்கு ஒண்டும் குத்த ஏலாது" என்கிறார். பூ, குங்குமம், எண்ணெய் கூடாது. துணி, சாயம் போடாத வெள்ளைப் பருத்தி மட்டும்.

ஓர்லா


எர்லாங்கன்
27 ஜூன் 2024

அம்மா,

அம்மனுக்கு வெள்ளையா? நீங்கள் ஏழு மாதம் எங்கள் ஊரில் என்ன படித்தீர்கள்? வெள்ளை உடுத்தி அவளை யாருக்குக் காட்டுவது?

லக்ஷ்மிப்ரியாவிடம் சொன்னேன். அவள்தான் வழி சொன்னாள். உள்ளே உங்கள் வெள்ளைத் துணி இருக்கட்டும், மேலே அவளுடைய அரக்குப் பட்டு. பட்டு சிலைமேல் படாது. ரஞ்சினி சம்மதித்தால் சரி. அன்று அவள் லீவு போட்டு என்னைக் கூட்டிவருகிறாள். உதயிடம் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொள்கிறாளாம்.

கோவிந்தராஜன்


பிராங்பேர்ட்
8 ஜூலை 2024

அன்புள்ள கோவிந்தராஜன் சார்,

அன்று நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டதையும் காவல் கேமரா பதிவு செய்திருக்கிறது. குழுவினர் எல்லாரும் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லையாம்.

முந்தானை சரிந்துகொண்டே இருந்ததை நினைத்தால் இப்போதும் மனம் கேட்கவில்லை. ரஞ்சினி நான்கு தடவை மடித்தார். நான்கு தடவையும் விழுந்தது. ஒரு ஊக்கு போதும், ஒரே ஒரு ஊக்கு, ஆனால் விதி. கடைசியில் அப்படியே படம் எடுத்தோம். காகிதத்தில் ரஞ்சினி வெட்டிய கண்மலர்கள் மட்டும் நன்றாக அமைந்தன.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதவியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். ஐரோப்பியக் குழுவும் வேறொருவரைத் தேடுகிறது. அதற்குமுன் என் வாக்குமூலத்தைப் பதினொரு கோப்புகளிலும் சேர்த்துவிட்டேன், உங்களுடையது மேலே, என்னுடையது கீழே. இனி அவற்றை யாரும் எடுக்கமுடியாது. ஆனால் பொய் சொல்லமாட்டேன்: இது வழக்கறிஞர்கள் கைக்குப் போகிறது. வருடங்கள் ஆகும். மருதவல்லியை நிலவறைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பட்டை அவிழ்த்து ரஞ்சினி மடித்து வைத்திருக்கிறார். நான் வெளியே, அவள் உள்ளே. எனக்கு அந்தக் கட்டடத்துக்குள் இனி அனுமதி இல்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரி இதோ. மெய்க்காவலர் குமாரசாமி சிலையை உருக்கவில்லை. அது முழுமையாக இருக்கிறது, நான் என் கையால் தொட்டேன். ஓர்லா.

படம் அவரிடம் போய்ச் சேர்ந்ததா?


கீழமருதநல்லூர்
17 ஜூலை 2024

அன்புள்ள ஓர்லாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் உதய் என் கையில் ஒரு சாவியைத் திணித்தான். "அடுத்த தடவை வர்றப்போ" என்றான். சட்டைப்பையில்தான் இருக்கிறது.

படத்தைப் போனில் அனுப்பவில்லை, நானே கொண்டுவந்தேன். அக்கா கதவைத் திறந்து, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அத்தான் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். உங்கள் வரியை முதலில் படித்தேன். கேட்டமாதிரித் தெரியவில்லை. பிறகு படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடியை மாட்டிவிடச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். எரிந்து விழுந்தார்.

"எவண்டா கட்டுனது? இடது பக்கம் முந்தானை சரிஞ்சு தொங்குது! அந்தக் கைக்கு ஊக்கு குத்தாம நிக்குமா? இதுகூடத் தெரியாம..."

அவர் அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினார். அக்கா பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டு, மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தேன். கிளித்தலை ஊக்கு. களவு போன அன்று விடியலில் முதலில் கோயில் கதவைத் திறந்தவர் அவர்தான். வாசற்படியில் கிடந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் திருடன் நீதான் என்பார்கள் என்று பயந்து ஒளித்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் அதோடுதான் படுத்து எழுந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். நாற்பது நாள் அடியில்கூட அதைச் சொல்லவில்லை.

உங்கள் பழைய படத்தில் தெரிகிற அதே ஊக்கு. உங்கள் வழக்குக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிகிறது. வெளியே எடுத்தால் அவருக்கு என்ன ஆகும் என்றும் தெரிகிறது. திரும்ப முடிந்து அக்காவிடமே நீட்டினேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அம்மாகிட்ட அனுப்பிடு. அம்மனுக்குக் குத்தச் சொல்லு."

"போலீஸ் கேட்டா என்ன சொல்றது அத்தான்?"

"கேக்கட்டும்" என்றார். "அவதான் இருக்காளே."

கோவிந்தராஜன்